எழுத்து நம்முடையது, பெட்டி யாருடையது?

ஒரு குழுவில் நாம் எழுதிப் போடும் செய்தி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்குத் தோழர்கள் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்கிறார்கள். "குழுவில் போட்டாச்சு, இனி அது எல்லாருக்கும் பொது" என்பது ஒன்று. "அது வாட்ஸ்அப்புக்கோ ஃபேஸ்புக்குக்கோ சொந்தம், நமக்கு என்ன உரிமை இருக்கு" என்பது மற்றொன்று. சட்டப்படி இரண்டுமே தவறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு எழுத்தின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர்தான். பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சொந்தமாக யோசித்து நான்கு பத்தி எழுதினால், எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமானால் எழுத்து மூலம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். குழுவில் போட்டதாலேயே உரிமை கைமாறிவிடாது. நிறுவனங்கள் தங்கள் விதிமுறைகளில் கேட்பது எழுத்தைப் பயன்படுத்தும் அனுமதியை. அது மிகப் பெரிய அனுமதிதான்; ஆனாலும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாளை அந்தக் குழுவை ஒருவர் கலைத்துவிட்டால், நிறுவனம் சேவையை மூடிவிட்டால், இந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? காகிதம் இல்லாத பட்டாவைக் கையில் வைத்திருப்பது போலத்தான். உரிமை வேறு, பிடி வேறு. நிலத்தில் இந்த வேறுபாடு நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். பஞ்சமி நிலம் பதிவேட்டில் நம் பெயரிலும் அனுபவத்தில் வேறொருவர் கையிலும் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எழுத்திலும் அதே கதைதான் நடந்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தாள் வாங்கியவருக்கு, சொல் எழுதியவருக்கு

ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய செய்தி யாருடையது என்ற வழக்கு முதலில் வந்தது கணினிக் காலத்தில் அல்ல, 1741-இல். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கவிஞர் அலெக்சாண்டர் போப், ஜொனாதன் ஸ்விஃப்ட் உள்ளிட்ட நண்பர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வணிகர் அச்சிட்டு விற்றார். போப் வழக்குத் தொடுத்தார். கர்ல் தரப்பு வாதம் எளிமையானது: கடிதம் அனுப்பியாயிற்று, அது பெற்றவருக்குக் கொடுத்த பரிசு போல, எழுதியவருக்கு அதன்மேல் என்ன உரிமை?

வழக்கை விசாரித்த ஹார்ட்விக் பிரபு அந்த வாதத்தை ஏற்கவில்லை. கடிதத்தைப் பெற்றவருக்குக் கிடைப்பது தாள்மீதான உரிமை மட்டுமே. அதிலுள்ள சொற்களை உலகுக்கு வெளியிடும் உரிமை எழுதியவரிடமே தங்கும் என்றார். அதே தர்க்கத்தின்படி, போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டுமே தடை தந்தார். போப்புக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு அவர் கேட்ட தடை கிடைக்கவில்லை. ஏனென்றால் அவை போப்பின் சொற்கள் அல்ல.

இன்றைக்கும் உங்கள் குழுச் செய்திக்கு அடிப்படை இந்த ஒரு வரிக் கோட்பாடுதான். பிரிட்டிஷ் ஆட்சி வழியாக 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து, விடுதலைக்குப் பின் 1957 சட்டத்தில் தொடர்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு தாளையும் சொல்லையும் பிரித்துவிட்டதை மறக்கக் கூடாது. சொல்லுக்கு உரியவர் ஒருவர், தாளைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர். தாளை வைத்திருப்பவர் அதை வெளியிட முடியாது. ஆனால் கிழிக்கலாம், எரிக்கலாம், மழையில் போடலாம். எழுதியவரிடம் வேறு படி இல்லையென்றால், அவருடைய உரிமையும் அந்தத் தாளோடு போய்விடும்.

லாகூர் மேடைக்குப் போகாத உரை

இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்து செயல்பட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1936-இல் லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. சங்கத்தில் பெரும்பாலோர் சாதி இந்துச் சீர்திருத்தவாதிகள். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் யேவலாவில் தான் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்திருந்தார். தலைமையுரையை முன்கூட்டியே படித்த சங்கத்தார் திகைத்துப் போனார்கள். சாத்திரங்களின் புனிதத்தைத் தகர்க்காமல் சாதியைத் தகர்க்க முடியாது என்ற வாதமும், வேதங்களைப் பற்றிய பகுதிகளும், இந்து மதத்தை விட்டு விலகும் பேச்சும் அவர்களுக்கு நெருடின. சிலவற்றை நீக்கச் சொல்லிச் சங்கத்தின் சார்பில் ஹர் பகவான் கடிதம் எழுதினார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். மாநாடு நடக்கவில்லை.

இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. உரையை லாகூரிலேயே அச்சிட வேண்டும் என்று சங்கம் விரும்பியது. அம்பேத்கர் அதை ஏற்காமல் பம்பாயில் அச்சுக்குக் கொடுத்திருந்தார். சங்கம் திருத்தம் கேட்ட நேரத்தில் அச்சுக்கோத்த பக்கங்கள் அவர் பக்கம் இருந்தன. லாகூர் அச்சகத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டப்படி உரை அவருடையதாகவே இருந்திருக்கும். ஆனால் எந்தப் பக்கம் வெளிவரும், எந்தப் பக்கம் குப்பைக்குப் போகும் என்பதைச் சங்கம் முடிவு செய்திருக்கும்.

மேடை மறுக்கப்பட்டதும் அவர் உரையைத் தன் செலவில் நூலாக்கினார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. முதல் பதிப்பு 1,500 படிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. நூலின் முகப்பில் சங்கத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அப்படியே சேர்த்தார். யார் அழைத்தார்கள், எதை நீக்கச் சொன்னார்கள், தான் என்ன பதில் எழுதினார் என்பதெல்லாம் தேதியோடு பதிவாகிவிட்டது. அந்தக் கடிதங்கள் அவரிடம் இருந்திராவிட்டால், 'அம்பேத்கரால் வர இயலவில்லை, மாநாடு ஒத்திவைக்கப்பட்டது' என்ற ஒரு வரியே வரலாறாக எஞ்சியிருக்கும்.

காந்தி 'ஹரிஜன்' இதழில் அந்நூலை விமர்சித்து எழுதினார். நூலின் விலை எட்டணா என்பதையும் குறை சொன்னார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் காந்தியின் கட்டுரைகளையும் தன் மறுமொழியையும் சேர்த்தே அச்சிட்டார். எதிராளியின் சொல்லை மறைக்காமல், வெட்டாமல், முழுதாக வைத்துப் பதில் சொன்னார். இன்றைக்கு அந்த விவாதத்தை யாரும் திரித்துச் சொல்ல முடியாததற்குக் காரணம் இரு தரப்புச் சொற்களும் ஒரே நூலுக்குள் இருப்பதுதான்.

தமிழ் நிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெரியாரின் 'குடிஅரசு' அந்த உரையைத் தமிழில் தொடராக வெளியிட்டது. பின்னர் நூலாகவும் வந்தது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே தமிழாக்கம் வந்துவிட்டதை அம்பேத்கர் குறிப்பிடுகிறார். ஓர் ஊரில் மேடை மறுக்கப்பட்ட உரை ஓராண்டுக்குள் பல மொழிகளில் படி எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு அதை அழிக்க யாராலும் முடியாது.

இதை அவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. 1920-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, திலகர் தொடங்கிய 'கேசரி' அதற்குக் காசு வாங்கிக்கொண்டுகூட விளம்பரம் போட மறுத்தது. சொல்ல வேண்டியதை அடுத்தவர் அச்சகத்தை நம்பி வைத்திருக்கக் கூடாது என்பது பட்டறிந்து வந்த பாடம். 1927-இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930-இல் 'ஜனதா' என்று தொடர்ந்து இதழ்களை நடத்தினார்.

மழையில் நனைந்த தாள்கள்

இத்தனை கவனமாக இருந்தவரின் எழுத்துக்கே அவர் இறந்த பிறகு நேர்ந்ததைப் பாருங்கள். 1956 டிசம்பர் 6 அன்று டில்லி அலிப்பூர் சாலை 26-ஆம் எண் வாடகை வீட்டில் பாபாசாகேப் மறைந்தார். முடிக்காத நூல்கள், தட்டச்சுப் படிகள், கைப்பிரதிகள், குறிப்புகள் என்று ஏராளமான தாள்கள் அங்கே இருந்தன. பதிப்புரிமை சட்டப்படி வாரிசுகளுக்கு. தாள்களோ வீட்டில்.

1967 ஜனவரியில் சவிதா அம்பேத்கர் ஊரில் இல்லாத நேரத்தில் அந்த வீடு காலி செய்யப்பட்டது. சாமான்களோடு தாள்களும் வெளியே முற்றத்தில் குவிக்கப்பட்டன. அடுத்து வந்த மழையில் பல தாள்கள் நனைந்து அழிந்தன. அம்பேத்கரின் செயலாளராகவும் அவருடைய கையெழுத்தைத் தட்டச்சு செய்தவராகவும் இருந்த நானக் சந்த் ரத்து இதை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அந்தத் தாள்களில் என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சொற்களின் பதிப்புரிமை அன்றைக்கும் செல்லுபடியாகத்தான் இருந்தது. மழைக்குப் பதிப்புரிமை தெரியாது.

எஞ்சியவை டில்லி உயர் நீதிமன்றத்தின் பாதுகாவலர் வசம் இருந்து, பிறகு மகாராஷ்டிர அரசின் தலைமை நிர்வாகி வசம் போயின. பெட்டிகள் திறக்கப்படாமலே ஆண்டுகள் ஓடின. நாக்பூர் வழக்கறிஞர் ஜே.பி. பன்சோட் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கேட்டது மிக எளிது: இவற்றை நான் வெளியிட அனுமதியுங்கள், அல்லது அரசையே வெளியிடச் சொல்லுங்கள். அந்த வழக்கும் ஆண்டுக்கணக்கில் நின்றது.

1976-இல் அம்பேத்கர் எழுத்துகளை வெளியிட மகாராஷ்டிர அரசு ஒரு குழுவை அமைத்தது. 1978-இல் சிறப்பு அலுவலராக நியமிக்கப்பட்ட வசந்த் மூன் வாரிசுகளையும் பன்சோட்டையும் நேரில் பார்த்துப் பேசி எல்லோருடைய இசைவையும் பெற்றார். 1981 செப்டம்பர் 18 அன்று ஐந்து இரும்புப் பெட்டிகள் அவர் கைக்கு வந்தன. 'இந்து மதத்தில் புதிர்கள்' முதலிய நூல்கள் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் வந்தன. பாபாசாகேப் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அவர் சொன்ன சொல் நமக்குக் கிடைக்க ஒரு வழக்கறிஞரின் பிடிவாதமும் ஒரு அலுவலரின் அலைச்சலும் தேவைப்பட்டன.

பெட்டி திறந்த பிறகும் போராட்டம் முடியவில்லை. 'புதிர்கள்' 1987-இல் வந்தது. ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி மராத்தா மகாசங்கமும் சிவசேனாவும் கிளம்பின. நூல் எரிக்கப்பட்டது. அரசு தயங்கியது. அதை எதிர்த்து 1988 தொடக்கத்தில் பம்பாய்த் தெருக்களில் தலித் மக்கள் பெருந்திரளாகத் திரண்டார்கள். இறுதியில் அந்தப் பகுதி தங்கியது. ஆனால் அதில் உள்ள கருத்துகளை அரசு ஏற்கவில்லை என்ற குறிப்போடு. 1936-இல் சங்கம் கேட்ட திருத்தத்தை எழுதியவரே மறுத்தார். 1988-இல் எழுதியவர் இல்லை. அவருடைய இடத்தில் மக்கள் நின்று மறுத்தார்கள்.

அழிந்ததும் வெட்டப்பட்டதும் ஒருபுறம் என்றால், விடுபட்டதும் உண்டு. 'புத்தரும் அவர் தம்மமும்' 1957-இல் வெளியானபோது அம்பேத்கர் எழுதியிருந்த முன்னுரை அதில் இல்லை. 1980-இல் தலித் அறிஞர் பகவான் தாஸ் அதைத் தனியே வெளியிட்டபோதுதான் வாசகர்கள் பார்த்தார்கள். மகாராஷ்டிர அரசு நினைப்பதற்கு வெகு முன்பே, 1960-களிலிருந்து அம்பேத்கரின் உரைகளைத் தேடித் தொகுத்து, ஜலந்தர் பீம் பத்ரிகா பதிப்பகம் வழியாக வெளியிட்டவரும் அவரே. அங்கங்கே படி எடுத்து வைத்திருந்த சாமானியர்களால் பிழைத்த சொற்கள் எத்தனையோ.

பூட்டின்மேல் பூட்டு

இனி சட்டம் காலத்தை எப்படிக் கணக்கிட்டது என்பதைப் பாருங்கள். 1957 சட்டம் வந்தபோது எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. அந்தக் கணக்கில் அம்பேத்கரின் எழுத்துகள் 2006 முடிவில் பொதுவுடைமை ஆகியிருக்க வேண்டும். ஆனால் 1991 முடிவில் தாகூரின் எழுத்துகளுக்குக் காலம் முடியும் நிலை வந்தபோது, சட்டத்தைத் திருத்தி 60 ஆண்டுகள் ஆக்கினார்கள். தாகூருக்காகப் போட்ட பத்தாண்டுப் பூட்டு அம்பேத்கருக்கும் சேர்த்து விழுந்தது. அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி 1 முதல்தான் எல்லோருக்கும் பொதுவாயின.

அவர் வெளியிடாமல் விட்டுச் சென்றவை? அவற்றுக்குச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியாகும் எழுத்துக்கு, வெளியான ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுகள். ஆக 1987-இல் முதன்முதலாக அச்சேறிய 'புதிர்கள்' இந்தக் கணக்குப்படி 2047 முடிவு வரை பதிப்புரிமைக்குள். மழையில் நனைந்து, இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, தாமதமாக வெளிவந்த காரணத்தாலேயே அது இன்னும் அதிக காலம் பூட்டப்பட்டிருக்கிறது. தாமதத்துக்கு யார் காரணம் என்று சட்டம் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914-இல் மறைந்தார். 50 ஆண்டுக் கணக்கில் 1964 முடிவிலேயே அவர் எழுத்துகள் பொதுவாகிவிட்டன. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கோலார் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை போன்ற சிறு முயற்சிகளைத் தாண்டி, ஞான. அலாய்சியஸ் தொகுப்பு 1999-இல் வரத் தொடங்கும் வரை தமிழ் அறிவுலகத்துக்கு அவர் கிட்டத்தட்ட இல்லாதவர். சட்டம் தடுக்கவில்லை. இதழ்ப் படிகள் அருகிப் போயிருந்தன. தேடும் அக்கறையும் இல்லை. பழைய இதழ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள் இல்லையென்றால் அந்தத் தொகுப்பும் இல்லை.

அழியாத மடல்களும் அழிந்த மடல்களும்

இப்போது கணினிக்கு வருவோம். 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யூஸ்நெட் என்ற அமைப்பைத் திட்டமிட்டார்கள். ஒரு கணினியில் எழுதும் மடல் அடுத்த கணினிக்குப் படியாகப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், தலைப்புவாரியாகப் பிரிந்த விவாதக் குழுக்களில் வந்து சேரும். இடம் குறைவு என்பதால் சில நாளிலோ வாரத்திலோ பழைய மடல்கள் அழிக்கப்பட்டுவிடும். எழுதியவர்கள் திண்ணைப் பேச்சு போலவே அதை நினைத்தார்கள்.

1995-இல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் அந்த மடல்களைச் சேர்த்து, பெயரைப் போட்டால் தேடி எடுக்கும்படி செய்தது. திண்ணையில் பேசியது கல்வெட்டில் ஏறியது போலப் பலருக்கு அதிர்ச்சி. நான் எழுதியதை என்னைக் கேட்காமல் எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்டார்கள். விரும்பாதவர்கள் மடலின் தலைப்பகுதியில் ஒரு குறியிட்டால் சேர்க்கமாட்டோம் என்ற ஏற்பாடு வந்தது. 2001 பிப்ரவரியில் கூகுள் அந்தக் களஞ்சியத்தை வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் 1981 வரை பின்னோக்கிப் போகும் 70 கோடிக்கும் மேற்பட்ட மடல்களை வெளியிட்டது. 1980-களின் மடல்களில் பெரும்பகுதி கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறைக் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஒருவர் காந்த நாடாக்களில் படி எடுத்து வைத்ததால் கிடைத்தவை. எழுதிய லட்சக்கணக்கானோரின் பதிப்புரிமை அப்படியே இருந்தது. களஞ்சியமோ ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

அடுத்தது இதற்கு எதிர்ப்பக்கம். 2000-இல் ஒரு மின்மடல் குழும நிறுவனத்தை விலைக்கு வாங்கிய யாகூ, 2001 முதல் யாகூ குழுமங்களை நடத்தியது. வலைப்பதிவும் ஃபேஸ்புக்கும் வருமுன் இணையத் தமிழ் பெருமளவுக்கு அங்கேதான் வளர்ந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று குழுமங்கள் இருந்தன. சாதி பற்றிய செய்திகளைத் திரட்டிப் பகிர்ந்த குழுமங்களும் அங்கே இருந்தன. 2019 அக்டோபரில் அந்த நிறுவனம் அறிவித்தது: இனி எதையும் ஏற்ற முடியாது, இதுவரை உள்ளதும் டிசம்பர் 14 அன்று அழிக்கப்படும். எதிர்ப்பு எழுந்ததும் தங்கள் படியைக் கேட்டுப் பெற 2020 ஜனவரி 31 வரை நீட்டித்தது. ஆவணங்களைக் காப்பாற்ற முனைந்த தன்னார்வலர்கள் குழுமங்களில் சேர்ந்து படி எடுத்தபோது அவர்களின் கணக்குகள் பல முடக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. எத்தனையோ ஆண்டு விவாதங்கள், யாரோ தன் சொந்தக் கணினியில் சேமித்து வைத்திருந்தாலொழிய, போயே போயின.

யூஸ்நெட்டில் எழுதியவருக்கு அழிக்கும் அதிகாரம் இல்லை. யாகூவில் எழுதியவருக்குக் காப்பாற்றும் அதிகாரம் இல்லை. இரண்டிலும் பதிப்புரிமை என்னவோ எழுதியவரிடம்தான். அலிப்பூர் சாலை வீட்டு முற்றமும் யாகூவின் சேமிப்பகமும் இந்த வகையில் ஒன்றுதான்.

நம் கையில் உள்ளவை

வரலாற்றை இதற்காகத்தான் சொன்னேன், தோழர்களே. இன்று நம் விடுதிக் குழுக்களில், வாசகர் வட்டங்களில், வன்கொடுமை நடந்த ஊருக்குப் போன உண்மையறியும் குழுக்களில் எழுதப்படுபவைதான் நாளைய தலித் வரலாற்றின் மூலச் சான்றுகள். நிர்வாகி நினைத்தால் மற்றவர் போட்ட செய்தியையும் அழிக்கலாம். கைப்பேசி தொலைந்தால் போகலாம். எனவே பிடியையும் நம் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

குழு உரையாடலை மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். முக்கியமான கட்டுரையை, நேரடிச் சாட்சியத்தைத் தேதியோடு தாளில் அச்சிட்டு வையுங்கள். தாள் பழைய சரக்குதான், ஆனால் கடவுச்சொல் கேட்காது.

அடுத்தவர் சொல்லுக்கும் இதே நியாயம் உண்டு. பாதிக்கப்பட்ட ஒரு பெண் குழுவுக்குள் எழுதிய சாட்சியத்தை, அவரைக் கேட்காமல் வெளியே பரப்புவது போராட்டம் ஆகாது. சட்டப்படி அந்தச் சொல் அவருடையது. சட்டத்துக்கு மேலாக, அவர் பெயர் வெளியே போனால் ஊரில் விலை கொடுக்கப் போவதும் அவர்தான். அனுமதி கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். தொகுத்து நூலாக்கினால் எழுதியவர் பெயரைப் போடுங்கள். தன் எழுத்துக்குத் தானே ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்கு ஊறு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57-ஆம் பிரிவு தரும் உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் தொடரும். நம் களப்பணியாளர்களின் அறிக்கைகளை எடுத்துத் தன் ஆய்வுக்குள் வைத்துக்கொண்டு பெயரைக் குறிப்பிடாமல் விடுபவர்களிடம் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

அப்படியானால் சாதி வெறியோடு ஒருவன் எழுதியதற்கும் அவனுக்குப் பதிப்புரிமை உண்டா, அதை நாம் படி எடுக்கக் கூடாதா என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். நீதிமன்ற நடவடிக்கைக்காக எந்த எழுத்தையும் படி எடுப்பது மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்தி அறிவிப்புக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாளவும் அதே பிரிவு இடம் தருகிறது. திரைப்பிடிப்பு மட்டும் போதாது. செய்தி இருந்த கைப்பேசியை அப்படியே பாதுகாத்து வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே உரையாடலை அழித்துவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். பதிப்புரிமையை நமக்கு எதிராகவும் திருப்ப முடியும். "இது என் எழுத்து, நீக்குங்கள்" என்று ஒருவர் முறையீடு அனுப்பினால், நிறுவனம் அதை 21 நாள் வரை மறைத்து வைக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் நிறுவனம் மறுபடி காட்டலாம். ஒரு வன்கொடுமைச் செய்திக்கு 21 நாள் என்பது எத்தனை நீண்ட காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இடத்தில் மட்டும் வைத்த பதிவு அந்த 21 நாளில் செத்துப்போகும். நான்கு இடத்தில் உள்ள பதிவு பிழைக்கும்.

நீங்கள் எழுதியதை எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தால், அதையும் வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லி வையுங்கள். 'பெயர் குறிப்பிட்டு யாரும் மறுபதிப்புச் செய்யலாம்' என்று கட்டுரையின் கீழே ஒரு வரி போதும். அந்த வரி இல்லாவிட்டால் நீங்கள் இறந்து 60 ஆண்டுகள் வரை உங்கள் வாரிசைத் தேடிக்கொண்டு யாரோ ஒரு பன்சோட் நீதிமன்றப் படிகளில் நிற்க வேண்டியிருக்கும்.

ஹர் பகவானின் கடிதம் 1936-இல் வந்தபோது அம்பேத்கர் அதைக் கிழித்துப் போடவில்லை. எடுத்து வைத்தார், அச்சிட்டார். 88 பக்கமோ 8 பக்கமோ, நம் குழுக்களில் கிடப்பதை இந்த வாரமே எடுத்து வையுங்கள்.

ஜெய்பீம்.